குழாய்க்குச் சூடேற்றும் கேபிள்: பல குளிர்காலங்கள் ஓடிய பிறகு

குளிர்காலத்தில் வீட்டுக்குப் பெரிய செலவு வைப்பது பெரும்பாலும் ஒரு மெல்லிய தண்ணீர்க் குழாய்தான். தண்ணீர் உறைந்தால் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும். ஆனால் பனிக்கட்டி அடைத்த இடத்திலேயே குழாய் வெடிப்பது குறைவு. அந்த அடைப்புக்கும் மூடிய டேப்புக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீரில் அழுத்தம் ஏறி, பலவீனமான மூட்டு ஒன்று பிளந்துகொள்ளும். கடுங்குளிர் இரவில் டேப்பைச் சொட்டவிடச் சொல்வது முக்கியமாக இந்த அழுத்தம் வெளியேறத்தான்.

சொட்டவிடுவது ஒரு இரவுக்குச் சரி. பரண், தரையடி இடைவெளி, கார் ஷெட் சுவர் வழியாகக் குழாய் போகும் வீடுகளில் பலரும் நாடுவது மின்சாரத்தில் சூடேறும் கேபிள். இதில் இரண்டு வகை. நிலையான வாட் வகை குளிரோ வெயிலோ ஒரே அளவு சூடு தரும். தானாகச் சரிசெய்துகொள்ளும் வகையில் இரு கம்பிகளுக்கு நடுவே கரி கலந்த பாலிமர் (ஒரு வகை பிளாஸ்டிக்) இருக்கும். குளிர்ந்தால் அதிக மின்சாரம் கடத்தும், சூடானால் குறைக்கும். விலை கூடினாலும் நீண்ட காலப் பயன்பாட்டுக்கு இரண்டாவதுதான் சரி. முதல் வகையில் கேபிள் மேல் கேபிள் ஏறினால் அந்த இடம் வெந்து, உறை உருகி, தீப்பிடிக்கும் அளவுக்குப் போகலாம். வால்வு, வளைவு போன்ற இடங்களில் அது ஏறாமல் சுற்றுவது சொல்வதுபோல் எளிதல்ல.

தானாகச் சரிசெய்யும் என்பதால் தானாக அணைந்துவிடும் என்று நினைப்பவர்கள் அநேகம். அணையாது. கோடையிலும் கொஞ்சம் மின்சாரம் குடித்துக்கொண்டேதான் இருக்கும். குளிரைப் பார்த்துத் தானாக மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் தெர்மோஸ்டாட், சுமார் 3 டிகிரியில் இயங்கத் தொடங்குவது, அவசியம். இல்லையென்றால் குளிர் முடிந்ததும் ப்ளக்கை உருவிவிட வேண்டும்.

பொருத்துவதில்தான் பாதி வெற்றி. கேபிளைக் குழாயின் அடிப்பக்கம், கடிகாரத்தில் 4 மணி அல்லது 8 மணி இருக்கும் இடத்தில் நேராக ஓட்டி, 30 செ.மீ.க்கு ஒரு கட்டாகக் கண்ணாடி இழை ஒட்டுநாடா போட வேண்டும். சாதாரண பிவிசி இன்சுலேஷன் ஒட்டுநாடா ஓரிரு பருவத்தில் பசை இளகிக் கழன்றுவிடும். கேபிள் குழாயை விட்டுத் தொங்கும். சூடு காற்றுக்குப் போகும். பிளாஸ்டிக் குழாய் சூட்டைச் சரியாகக் கடத்தாது. அதனால் முதலில் அலுமினிய ஒட்டுநாடா ஒட்டி அதன்மேல் கேபிள். கடைசியில் தீப்பற்றாத ஃபோம் உறை. நிலையான வாட் கேபிளுக்கு 13 மி.மீ. தடிமனுக்கு மேல் உறை போடக் கூடாது என்று பல தயாரிப்புகளின் கையேடே சொல்லும். உறையே இல்லாமல் கேபிளை மட்டும் போடுவது ஜன்னலைத் திறந்து வைத்து ஹீட்டர் போடுவதற்குச் சமம்.

அடிக்கடி நடக்கும் தவறு தெர்மோஸ்டாட் இருக்கும் இடம். ப்ளக் பக்கத்தில், வீட்டுச் சூடு படும் இடத்தில் அதை ஒட்டிவிடுகிறார்கள். அங்கே 8 டிகிரி இருக்கும்போது குழாயின் மறுமுனை உறைந்து கிடக்கும். தெர்மோஸ்டாட்டின் சென்சார், அதாவது குளிரை உணரும் பகுதி, இருக்க வேண்டியது மிகக் குளிரும் முனையில், குழாயைத் தொட்டபடி, உறைக்கு உள்ளே.

ப்ளக்கில் எரியும் சின்ன விளக்கை நம்ப வேண்டாம். மின்சாரம் வருகிறது என்பதைத்தான் அது சொல்லும், கேபிள் சூடாகிறது என்பதை அல்ல. ஒவ்வொரு ஆண்டும் குளிர் தொடங்கும் முன் சென்சாரின் மேல் பொடித்த ஐஸ் போட்ட பையை வைத்து, ப்ளக்கில் செருகும் வாட் மீட்டரில் பார்க்கலாம். ஒரு மீட்டர் நீளத்துக்கு 15 வாட் என்று போட்ட கேபிள் என்றால், 10 மீட்டர் நீளத்துக்குச் சுமார் 150 வாட் காட்ட வேண்டும். தானாகச் சரிசெய்யும் வகை தொடக்கத்தில் அதிகமாக இழுத்துச் சில நிமிடங்களில் இறங்கும், அது கோளாறு அல்ல. ஆண்டுக்காண்டு அளவு குறைந்துகொண்டே வந்தால் பாலிமர் தளர்கிறது, மாற்றும் காலம் நெருங்குகிறது.

30 மில்லி ஆம்பியர் மின்சாரம் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் கசிவு பிரேக்கர் இல்லாத சாக்கெட்டில் இதைச் செருகவே கூடாது. மழை நாளில் பிரேக்கர் விழுந்தால் முதலில் பார்க்க வேண்டியது கேபிளின் கடைசி மூடி. ஈரம் நுழைவது பெரும்பாலும் அங்கேதான். அடுத்து எலி கடித்த இடம்.

மின்சாரம் போனால் இந்த ஏற்பாடு முழுவதும் வெறும் கயிறு. மெயின் வால்வை மூடி, மேல்மாடி டேப்பையும் எல்லாவற்றுக்கும் கீழே உள்ள வடிகால் டேப்பையும் திறந்து தண்ணீரை வடித்துவிடுவதுதான் வழி. வாட்டர் ஹீட்டரை அதற்கு முன்பே அணைத்துவிட வேண்டும். ஜெனரேட்டர் ஓட்டினால் வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகை ஜன்னல் பக்கம் வராதபடி. உள்ளே பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருந்தாக வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு உறைந்துவிட்டால், டேப்பைத் திறந்து வைத்து, டேப் முனையிலிருந்து அடைப்பை நோக்கி ஹேர் டிரையரால் சூடு காட்டிக்கொண்டே போக வேண்டும். தீச்சுவாலை வேண்டவே வேண்டாம். பிளவு இருந்தால் பனிக்கட்டி உருகிய பிறகுதான் தெரியும். அதுவரை ஒருவர் மெயின் வால்வு அருகிலேயே நிற்கட்டும்.