பழைய ஹெரால்டை ரெஸ்டோர் செய்யக் கொடுக்கப் போகிறீர்களா? பில்லில் உள்ளது காரில் இருக்கிறதா என்று பாருங்கள்

வருஷக்கணக்காக நின்றுபோன ஹெரால்டோ ஃபியட்டோ அம்பாசடரோ வாங்கி, முதல்முறையாக உயிர் கொடுத்துப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னைப் புறநகரில் உள்ள ஒரு ரெஸ்டோரேஷன் ஷெட்டில் எனக்கு நடந்தது. புகார் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் ஷெட்டின் பெயரைப் போடவில்லை. உள்ளே நுழைந்தால் சுவர் முழுக்கப் பளபளக்கும் பழைய கார்களின் படங்கள். முதலாளி பேச்சில் தேன். அடையாளம் இவ்வளவுதான், இது பல ஷெட்டுக்கும் பொருந்தும் என்பது எனக்கும் தெரியும்.

கார் அறுபதுகளில் வந்த இரண்டு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. வண்டலூர் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் தயாரிப்பு. காரைக்குடிப் பக்கம் உறவினர் வீட்டுக் கொட்டகையில் இருபது வருஷத்துக்கு மேல் அசையாமல் கிடந்தது. முதல் கார் என்பதால்தான் ஹெரால்டைத் தேர்ந்தெடுத்தேன். 948 சிசி, சிக்கலில்லாத எஞ்சின். பானெட்டைத் திறந்தால் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்துவிடும், முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். முக்கியமாக, பாடி வேறு, அதைத் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸ் வேறு. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் டிரையம்ப் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்த நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டதால், துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டுச் சேர்க்கிற மாதிரி இந்தக் காரை வடிவமைத்தார்கள். மிக்கெலோட்டி என்ற இத்தாலியர் வரைந்த உருவம், 1959இல் அங்கே வந்தது, 1961இல் நம் ஊரில். போல்ட்டைக் கழற்றினால் பாடி தனியாக வந்துவிடும். என்னிடம் பெரிய தொகை பிடுங்கியதும் இந்த ஒரு வசதியைச் சொல்லித்தான்.

எஸ்டிமேட் வெள்ளைப் பேப்பரில் வந்தது. பாடியைத் தூக்கி சேசிஸை சாண்ட் பிளாஸ்ட் செய்வது (மணலை வேகமாக அடித்துத் துருவை எடுப்பது), துருப்பிடித்த அவுட்ரிகர்களை (சேசிஸின் பக்கக் கைகளை) வெட்டிப் புதிதாக வைப்பது, எஞ்சின் போரிங் (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அகலமாக்குவது), டிங்கரிங், பெயின்ட், ஆர்சி வேலை. பாதித் தொகை அட்வான்ஸ். பணம் போய்ச் சேர்ந்த அதே வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ: எஞ்சின் ஓடுகிறது! சைலன்சரில் புகை, பின்னால் பையன்கள் விசில். வீட்டில் எல்லாருக்கும் காட்டினேன். கையோடு அடுத்த தவணை கேட்டார்கள், அனுப்பினேன். பிற்பாடு அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், பெட்ரோல் டேங்கிலிருந்து வரவில்லை. ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றுகிற மாதிரி மேலே ஒரு பாட்டிலைத் தொங்கவிட்டு, டியூபை கார்புரேட்டருக்குக் கொடுத்திருக்கிறார்கள். ரேடியேட்டர் ஹோஸ் மாட்டவே இல்லை. அரை நிமிஷம் ஓட வைத்து அணைத்திருக்கிறார்கள். இப்படி ஒரு வீடியோ வந்தால், ஓடுகிற எஞ்சினின் டெம்பரேச்சர் மீட்டரையும் ஆயில் பிரஷர் லைட்டையும் காட்டச் சொல்லுங்கள்.

டெலிவரி எடுத்தபோது கார் சினிமாவுக்கு வாடகைக்கு விடலாம் போல இருந்தது. வீட்டுக்கு வரும் வழியிலேயே ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுத்தது, எஞ்சின் நீலப் புகை கக்கியது. புதுப்பேட்டையில் ஸ்பேர் தேடப் போனபோது அறிமுகமான ஒரு பாயிடம் கொண்டுபோனேன். ஸ்டாண்டர்ட் கார்களிலேயே கை பழகியவர். ஜாக்கி போட்டு அடியில் படுத்தவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "தம்பி, பாடிய தூக்குனாங்கன்னு சொன்னியே, யாரு தூக்குனா?" என்றார்.

பாடியைச் சேசிஸோடு பிடிக்கும் போல்ட்களின் தலையில் பழைய துரு அப்படியே இருந்தது. அதன்மேல் தார் மாதிரி அண்டர்கோட் அடித்திருந்தார்கள். ஸ்பானர் பட்ட கீறல் ஒன்றுகூட இல்லை. சேசிஸின் நடுத்தண்டிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தான் அவுட்ரிகர். பாடியின் ஓரங்களைத் தாங்குவது அவைதான், ஹெரால்டில் முதலில் இற்றுப்போவதும் அவைதான். பாய் ஒன்றை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினார், பிடி வரைக்கும் உள்ளே போயிற்று. இதற்குத்தான் சாண்ட் பிளாஸ்ட் பில். நீங்கள் பெயின்டைப் பார்த்து மயங்கும் முன், கிழிந்த சட்டையோடு போய் அடியில் படுத்து, அண்டர்கோட்டைச் சுரண்டிப் பாருங்கள். சுரண்ட விடாத ஷெட்டில் காரை விடாதீர்கள்.

எஞ்சின் கதை இன்னும் மோசம். பில்லில் "போரிங், நாற்பது ஓவர்சைஸ் பிஸ்டன்" என்று இருந்தது, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்கு பெரிய பிஸ்டன். போர் செய்தால் பெரிய பிஸ்டன் போட்டாக வேண்டும், அந்த சைஸை பிஸ்டன் தலையில் குத்தியிருப்பார்கள். ஹெட்டைக் கழற்றிக் கரியைத் துடைத்தோம். எண்ணே இல்லை. பாய் போர் கேஜ் விட்டு சிலிண்டரின் உள்விட்டத்தை அளந்தார், ஃபேக்டரியிலிருந்து வந்த 63 மில்லிமீட்டரை ஒட்டிய அதே அளவு, தேய்மானத்தோடு. கூடுதலாக, ஒரு சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாக ஆழமான கோடு, உடைந்த ரிங். இறுகிக் கிடந்த எஞ்சினை கியரில் போட்டு ஜீப்பில் கட்டி இழுத்ததாக அந்த ஷெட்டில் வேலை பார்த்த பையன் ஒருவன் பிறகு சொன்னான். ரொம்ப நாள் நின்ற எஞ்சினுக்கு பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஆயில் ஊற்றி, சில நாள் ஊறவிட்டு, ஹேண்டிலால் கையாலேயே சுற்றிப் பார்க்க வேண்டும். காசே செலவில்லாத வேலை.

உயிருக்கே உலை வைத்திருக்கக்கூடியது முன்சக்கரம். ஹெரால்டின் முன் சஸ்பென்ஷனில் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டான வெர்டிகல் லிங்கின் கீழ்முனை, மரையோடு டிரனியன் என்ற பிடிக்குள் திரும்பும். அதற்கு இ.பி. 90 கியர் ஆயில்தான் விட வேண்டும், கிரீஸ் கூடாது. கிரீஸ் மரைக்குள் சரியாக இறங்காது. உள்ளே துருப்பிடித்து இறுகி, ஒரு நாள் திருப்பத்தில் லிங்க் ஒடிந்து சக்கரம் மடங்கிவிடும். இரண்டு பக்கமும் கிரீஸ் அடைத்து வைத்திருந்தார்கள். ஹெரால்டு எடுத்துச் செய்வதாகச் சொல்லும் மெக்கானிக்கிடம், "டிரனியனுக்கு என்ன விடுவீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், போதும்.

கதவின் அடியில் விரல் தடிமனுக்குப் பட்டி, அதாவது ஓட்டையை மறைக்கப் பூசும் பசை. காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி நகர்த்தினால் பட்டி உள்ள இடத்தில் பிடிக்காது. ஒரிஜினல் கிரில், கார்புரேட்டர், ஹார்ன் மூன்றும் மாறியிருந்தன. கேட்டதற்கு "அதெல்லாம் வேஸ்ட் சார், கடாசிட்டோம்" என்றார்கள். கடாசுகிற சாமானா அது?

ஆர்சி விஷயம் தனிக்கூத்து. "ஒரிஜினல் எஞ்சின் தொல்லை சார், மாருதி ஆம்னி எஞ்சின் போட்டுடலாம், ஆர்சியும் நாங்களே பாத்துக்கறோம்" என்று நடுவில் ஒரு யோசனை சொன்னார் முதலாளி. நல்லவேளை, நான் ஒப்புக்கொள்ளவில்லை. 2021இல் வந்த விதிப்படி, ஐம்பது வருஷம் தாண்டிய காரை வின்டேஜ் என்று பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், மறுபதிவு 5,000. நம்பரில் 'விஏ' என்ற எழுத்து வரும். ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சினில் மாற்றம் செய்திருக்கக்கூடாது. அப்படிப் பதிந்த காரைத் தினசரி ஓட்டவும் முடியாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குப் போக மட்டும்தான். ஆம்னி எஞ்சின் ஏறியிருந்தால் அந்தக் கதவு மூடியிருக்கும். இதற்கென்று வாங்கிய பணத்தில் விண்ணப்பம்கூடப் போடவில்லை. மீதிக் காசு கொடுத்தால்தான் ஆர்சி புத்தகம் என்று அதைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். வக்கீல் நோட்டீஸ் போன பிறகே கைக்கு வந்தது. ஷெட்டுக்கு ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள், ஒரிஜினல் உங்கள் பீரோவில் இருக்கட்டும்.

பணம் முழுக்க ஜிபேயில் போனதும், வாட்ஸ்அப்பில் "பாடி தூக்கியாச்சு சார்" என்று அவர்களே எழுதியதும்தான் இன்று என் கையில் உள்ள சாட்சி. பாய் போல்ட்டைத் தொடும் முன்பே எல்லாவற்றையும் வீடியோ எடுக்கச் சொன்னார், அதுவும் இணைப்பில் போயிருக்கிறது. ஐந்து லட்சம் வரை கொடுத்த சேவைக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், வக்கீல் இல்லாமலும் போடலாம்.

இப்போது பாடி நிஜமாகவே தூக்கப்பட்டு மரக்கட்டைகள் மேல் நிற்கிறது. டிரனியன் செட் இங்கிலாந்திலிருந்து வர வேண்டும். டிரையம்ப் ஹெரால்டுக்கு அங்கே இன்னும் செய்கிறார்கள், நம் காருக்கும் பொருந்தும். என் காரின் ஒரிஜினல் கிரில்தான் கிடைக்கவில்லை. இடது ஓரத்தில் கம்பி வளைந்து, பின்னால் பித்தளை வைத்துப் பற்றவைத்த ஹெரால்டு கிரில் யாரிடமாவது விலைக்கு வந்தால், வாங்கும் முன் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள்.