மெதடோனா, பியூப்ரெனார்ஃபினா: எது எளிதில் கிடைக்கிறது?

அமெரிக்காவில் ஹெராயின், ஃபென்டனில் ஆகிய போதைப்பொருள்களின் பழக்கத்திலிருந்து மீள நினைப்பவருக்கு முக்கியமாக மெதடோன், பியூப்ரெனார்ஃபின் என்ற இரண்டு மருந்துகள் உண்டு. இரண்டுமே உயிர் காப்பவை. கைக்கு வந்து சேரும் வழிதான் வேறு.

மெதடோன் என்றால் உரிமம் பெற்ற சிறப்பு மையத்துக்குத்தான் போக வேண்டும். தொடக்கத்தில் பெரும்பாலும் தினமும் காலையில் வரிசையில் நின்று, நர்ஸ் கண்ணெதிரே குடிக்க வேண்டும். கிராமப்புறத்தில் இருப்பவர் அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிப் போய், அப்புறம் எப்படி நேரத்துக்கு வேலைக்குப் போவார்? 2024 விதிகளின்படி, நிலை சீரானவர்களுக்கு 28 நாள் மருந்து வரை வீட்டுக்குத் தரலாம். பெரிய நிம்மதிதான், ஆனால் மையம் மனம் வைக்க வேண்டும்.

பியூப்ரெனார்ஃபினைச் சாதாரண மருத்துவரே எழுதித் தரலாம். மருந்துக்கடையில் வாங்கி, நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விட்டால் போதும். இதற்கென மருத்துவர்கள் வாங்க வேண்டியிருந்த தனி அனுமதி 2022 டிசம்பரில் நீக்கப்பட்டது. பிரான்ஸ் 1995-லேயே குடும்ப மருத்துவர்களிடம் இதை ஒப்படைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் அங்கே ஹெராயின் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன.

ஒரு சிக்கல்: உடலில் ஃபென்டனில் இருக்கும்போதே பியூப்ரெனார்ஃபினைத் தொடங்கினால் வாந்தியும் கடும் உடல்வலியும் வரலாம். இது ஒத்துவராதவருக்கு மெதடோன்தான் வழி. பிரிட்டனில், ஆஸ்திரேலியாவில் மெதடோனை மருந்துக்கடையிலேயே தருகிறார்கள். அமெரிக்காவிலும் ஏன் தரக்கூடாது?