இடித்த மாளிகை நிலத்துக்குத் தொல்லியல் முன்னாய்வு: எதற்குக் காசு கொடுக்கலாம்?

இங்கிலாந்தில் பழைய மாளிகைத் தோட்ட நிலத்தில் வீடுகள் கட்ட அனுமதி கேட்டால், பெரும்பாலும் முதலில் தொல்லியல் முன்னாய்வு, அதாவது மண்ணுக்கடியில் பழைய தடயம் உண்டா என்ற ஆய்வு, செய்யச் சொல்வார்கள். 1990இல் வந்த பிபிஜி 16 என்ற அரசுத் திட்டமிடல் வழிகாட்டுதலோடு நிலைபெற்ற நடைமுறை இது. செலவு முழுக்க கட்டுபவருடையது. பழைய வரைபட ஆய்வு, காந்தமானி அளவீடு (நிலத்தின் காந்தப்புல மாறுதல்களை அளப்பது), சோதனைக் குழிகள் மூன்றையும் ஒரே தொகுப்பாகத் தருவார்கள். உழுத வயலுக்கு அருமையான தொகுப்பு. மாளிகை நிலத்துக்கு அதையே அப்படியே வாங்கக் கூடாது.

கொடுத்த காசுக்கு முழுப் பலன் தருவது வரைபட ஆய்வுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆர்டனன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவைத் துறையின், ஒரு மைலை 25 அங்குலமாகக் காட்டும் வரைபடத் தாளில் பனிக்கட்டிக் கிடங்கு, மதில் சூழ்ந்த காய்கறித் தோட்டம், செடி வளர்க்கும் கண்ணாடி வீடு எல்லாம் இருக்கும். வறண்ட கோடையில் எடுத்த வான்படங்களையும் கேட்டு வாங்குங்கள். நாட்டிங்ஹாம்ஷயரில் 1938இல் இடிக்கப்பட்ட கிளம்பர் மாளிகையின் சுவர்க்கோடுகள் 2018 வறட்சியில் காய்ந்த புல்லிலேயே தெரிந்தன.

காந்தமானிதான் இங்கே சறுக்கும். ஒரு மீட்டர் இடைவெளி வரிசைகளில், கால் மீட்டருக்கு ஒரு அளவு எடுப்பார்கள். சுட்ட செங்கல்லுக்கே காந்தத்தன்மை உண்டு. இடிபாடும் இரும்புக் குழாயும் சேர்ந்தால் படம் முழுக்கக் கறுப்பு வெள்ளைப் புள்ளிதான் மிஞ்சும். மாளிகை நின்ற இடத்துக்கு மின்தடை அளவீடு கேளுங்கள். அரை மீட்டர் இடைவெளியில் இரு முனைகளை ஊன்றி அளப்பார்கள். ஈரம் பிடிக்காத அடித்தளச் சுவர் அதிக மின்தடையாகப் பளிச்சென்று தெரியும். நிலவறை இருந்தால், மண்ணுக்குள் அலை அனுப்பிப் பார்க்கும் ராடாரும் வேண்டும். ஈரக் களிமண்ணில் மட்டும் ராடார் அலை சீக்கிரம் மங்கிவிடும்.

சோதனைக் குழி வழக்கமாக 30 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம். தோண்டும் இயந்திரத்தின் பல் இல்லாத பக்கெட்டால் பத்து சென்டிமீட்டர் பத்து சென்டிமீட்டராகச் சீவ வேண்டும். பெரிய இழப்பு நடப்பதும் இங்கேதான்: வயலில் செய்வதுபோல நேரே கன்னி மண் (மனிதக் கை படாத இயற்கை மண்) வரை இறக்கிவிடுகிறார்கள். மாளிகைத் தோட்டத்தின் சரளைப் பாதையும் பூப்பாத்தியும் புல்லுக்கு அடியில் ஒரு சாண் ஆழத்தில்கூட இருக்கலாம். பக்கெட் ஒரு முறை இழுத்தால் போதும், மூன்று நூற்றாண்டுத் தோட்டம் மண்மேட்டில் குவிந்துவிடும். 1702 கால அமைப்பில் லண்டன் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையின் பிரிவி தோட்டத்தை 1995இல் மீட்க முடிந்ததற்கு, மண்ணில் தப்பியிருந்த பாத்தித் தடங்களும் காரணம். புல்லை உரித்ததும் நிறுத்தி, கரண்டியால் சுரண்டிப் பார்த்த பிறகே கீழே போக வேண்டும்.

கண்ணாடி வீட்டின் கொதிகலன் குழாய்களைச் சுற்றி ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. வெள்ளை நார் கண்ணில் பட்டதும் தோண்டலை நிறுத்திப் பரிசோதிக்கும் ஏற்பாடு திட்டத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள்.

மலிவான விலைப்பட்டியலில் களப்பணி மட்டுமே இருக்கும். கிடைத்த பானை ஓடுகளைக் கழுவுதல், மண் மாதிரிகளைச் சலித்தல், அறிக்கை, கண்டெடுத்தவற்றைப் பெட்டிகளில் வைக்க அருங்காட்சியகம் கேட்கும் கட்டணம் எல்லாம் பிறகு தனியாக வரும். கையெழுத்திடும் முன்பே அவற்றுக்கும் விலை எழுதி வாங்குங்கள்.