8 மி.மீ. துளைக்கு எந்த கேட் மென்பொருள்?

ஓசூர் சிப்காட்டை ஒட்டிய சிறு பட்டறைகளில் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவுகருவி) இருக்கும். அதை வாகாகப் பிடித்துக்கொள்ளத் தாங்கி இருக்காது. காந்த ஸ்டாண்டை லேத்தில் எங்கே நிறுத்துவது என்று தேடுவதிலேயே நேரம் கரைகிறது. வெட்டும் டூலைப் பிடித்திருக்கும் டூல் போஸ்டில் டூலுக்குப் பதிலாகச் செருகி இறுக்கும்படி ஒரு தாங்கியை நானே வரையலாம் என்றுதான் கேட் (CAD, கணினியில் பொருளை அளவோடு வரைவது) கற்கத் தொடங்கினேன். 12 மி.மீ. சதுரக் கட்டை, அதன் முனையில் சற்றுப் பெருத்த தலை, தலையில் டயலின் தண்டு நுழையும் துளை, துளையை நெரித்து இறுக்க ஒரு பிளவு, ஓர் எம்4 ஆலன் போல்ட். அவ்வளவுதான்.

இதை ஃப்யூஷன், ஆன்ஷேப், ஃப்ரீகேட் மூன்றிலும் வரைந்து பார்த்தேன். டிங்கர்கேட் எளிமையானது, ஆனால் அளவுகளை ஒன்றோடொன்று பிணைக்கும் வசதி அதில் இல்லை என்பதால் விட்டுவிட்டேன்.

அந்தப் பிணைப்பு ஏன் முக்கியம்? டயலின் தண்டு 8 மி.மீ. முதல் துண்டை 3டி அச்சில் எடுத்தபோது 8.0 என்று கொடுத்த துளை சிறுத்து வந்தது. தண்டு வாயிலேயே நின்றுவிட்டது. 8.2 கொடுத்ததும் வழுக்கிக்கொண்டு நுழைந்தது. பிறகு சுவர் மெலிந்திருந்ததால் முள் நடுங்கியது; 3 மி.மீ. சுவரை 5 ஆக்கினேன். ஒவ்வொரு முறையும் பிளவும் போல்ட் துளையும் தாமாகவே இடம் பெயர வேண்டும். அளவெடுக்கும் வேலைக்கான பொருள் முதல் துண்டில் அமைவதில்லை. ஆகவே வரைவது எவ்வளவு சுலபம் என்பதைவிட, வரைந்ததைத் திருத்துவது எவ்வளவு சுலபம் என்றே பார்த்தேன்.

கையில் பழகுவதற்கு ஃப்யூஷன்தான் முதலிடம். ஸ்கெட்சில் (தட்டையான கோட்டு வரைபடத்தில்) அளவு கொடுக்கக் கொடுக்க நீலக் கோடுகள் கறுப்பாகின்றன. எந்தக் கோடு இன்னும் அளவால் கட்டுப்படவில்லை என்பது பார்த்தவுடன் தெரிகிறது. ஆனால் இலவச உரிமம் சொந்த உபயோகத்துக்கு மட்டுமே. ஒரே சமயத்தில் 10 கோப்புகளைத்தான் திருத்தும் நிலையில் வைத்திருக்கலாம். சிஎன்சி (கணினி இயக்கும் வெட்டு இயந்திரம்) ஓட்டுவதற்கான டூல் பாதை எடுத்தால், வெட்டாத இடங்களில் வேக நகர்வு கிடைக்காது, தானாக டூல் மாற்றவும் வழியில்லை. ஜாப் ஒர்க் செய்து பில் போடும் பட்டறை இதைச் சந்தா கட்டித்தான் பயன்படுத்த வேண்டும்.

ஆன்ஷேப் பிரவுசரிலேயே ஓடுவதால் பழைய மடிக்கணினியே போதும். சேமிக்கும் பொத்தானே கிடையாது. ஒவ்வொரு மாற்றமும் தானாகப் பதிவாகிறது. தர்மபுரியில் இருக்கும் என் தம்பிக்கு இணைப்பை அனுப்பினேன், அவன் போனிலேயே திருப்பிப் பார்த்து, போல்ட் தலைக்கு இடம் போதாது என்று சொல்லிவிட்டான். இதுவும் வணிகத்துக்கல்ல. அதைவிடப் பெரிய விஷயம், இலவசக் கணக்கில் வரைவது எல்லாருக்கும் தெரியும்படி பொதுவில் நிற்கும். வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த டிராயிங்கை அதில் ஏற்றுவதை நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன்.

ஃப்ரீகேட் என்னை முதல் இரண்டு வாரம் படுத்தி எடுத்தது. எந்த வேலைக்கு எந்தப் பணிமேடை (அதன் கருவித் தொகுப்பு) என்று புரியவே நாளாகும். முன்பெல்லாம் இன்னொரு தொல்லையும் உண்டு: அடியில் உள்ள ஸ்கெட்சைத் திருத்தினால் முகங்களின் பெயர் மாறி, மேலே போட்ட துளை வேறெங்கோ போய் ஒட்டிக்கொள்ளும். லேத்தில் பாதி வேலையில், அளவெடுக்க ஆதாரமாக வைத்த ரெஃபரன்ஸ் முகம் மாறினால் எப்படி இருக்கும், அப்படி. 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பு அதைப் பெருமளவு குறைத்துவிட்டது. நெட் வேண்டாம், கோப்பு நம் கணினியில் இருக்கும், விற்பனைக்கான பொருளையும் தடையின்றி வரையலாம். பட்டறையில் வேலை செய்பவர் இரண்டு வாரம் பொறுத்து இதையே கற்கட்டும் என்பேன். படிக்கும் பிள்ளைகள் ஃப்யூஷனில் தொடங்கலாம்.

ஃப்ரீகேடில் உள்ள அட்டவணையில் துளை, சுவர், பிளவு என்று மூன்று கட்டங்களுக்குப் பெயரிட்டு வைத்தேன். 3டி அச்சுக்குப் பயன்படுத்திய பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகும், சூடான உலோகச் சிராய்க்குப் பக்கத்தில் நிற்காது என்பதால் இறுதித் தாங்கியை அலுமினியத்தில் செய்ய முடிவெடுத்தேன். அங்கே துளையைச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் ரீமரில் வேலை முடியும். ஆகவே 8.2 இருந்த கட்டத்தில் மறுபடி 8.0 என்று அடித்தேன். மொத்த வரைபடமும் தானாகச் சரியாகி, மில்லிங் கடைக்குக் கொடுக்க வேண்டிய டிராயிங் தாளிலும் புது அளவு வந்து நின்றது.