எத்தனை விற்றால் கையைக் கடிக்காது? மூன்று கணக்குகள், மூன்று விடைகள்

சமநிலைப் புள்ளியை, அதாவது லாபமும் இல்லாமல் நட்டமும் இல்லாமல் நிற்கும் விற்பனை அளவைக் கண்டுபிடிக்கும் வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். விற்பனை விலையிலிருந்து மாறும் செலவை, அதாவது ஒவ்வோர் அலகுக்கும் கூடிக்கொண்டே போகும் செலவைக் கழித்தால் ஓர் அலகுக்கான பங்களிப்பு கிடைக்கும். எத்தனை விற்றாலும் மாறாத நிலையான செலவை அதனால் வகுத்தால் விடை வந்துவிடும். வகுத்தலில் யாரும் தவறுவதில்லை. நிலையான செலவு என்ற தலைப்பின் கீழ் எதையெல்லாம் சேர்ப்பது என்பதில்தான் வழக்கே இருக்கிறது. கணக்கர் ஒன்று சொல்வார், கல்லாவைப் பார்த்துக்கொள்பவர் வேறொன்று சொல்வார், முதல் போட்டவர் இரண்டையும் ஏற்க மாட்டார்.

ஒரே தொழிலை மூவரிடமும் கொடுத்துப் பார்ப்போம். ஓர் அலகின் விலை 100, மாறும் செலவு 60, பங்களிப்பு 40. வாடகை, சம்பளம் போன்றவை ஆண்டுக்கு 4,00,000. இயந்திரத்தின் விலை 10,00,000. அது ஐந்து ஆண்டுகள் உழைக்கும், பிறகு காயலான் கடைக்கும் தேறாது. வரியை ஒதுக்கிவிடுவோம்.

கணக்கர் ஆண்டுத் தேய்மானமாக, அதாவது இயந்திரத்தின் விலையில் ஐந்தில் ஒரு பங்காக, 2,00,000 சேர்ப்பார். மொத்தம் 6,00,000, 40-ஆல் வகுத்தால் 15,000 அலகுகள். கல்லாக்காரருக்குத் தேய்மானம் செலவே அல்ல, ஏனென்றால் அதற்காக யாருக்கும் பணம் எண்ணிக் கொடுப்பதில்லை. அவருடைய விடை 10,000. முதல் போட்டவர் கேட்பது வேறு: இதே பணம் வேறு இடத்தில் 12 சதவீதம் ஈட்டுமே, அது எங்கே? அந்த வட்டியோடு இயந்திரத்தின் விலையை ஐந்து ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்தால் ஆண்டுக்குச் சுமார் 2,77,410 ஆகிறது. விடை 16,936.

15,000-க்கும் 16,936-க்கும் இடையே பெரிய தூரம் இல்லையே என்று தோன்றலாம். ஆனால் ஆண்டுதோறும் சரியாக 15,000 விற்றவரின் நிலையைப் பாருங்கள். ஆண்டுக்கு 2,00,000 மிஞ்சும், ஐந்தாம் ஆண்டின் முடிவில் போட்ட 10,00,000 திரும்பி வந்திருக்கும். ஒரு காசு வட்டி கிடையாது. முதலுக்கு மோசமில்லை என்று கணக்குப் புத்தகம் சொல்லும். ஐந்து ஆண்டு உழைப்பு பணத்தைப் பூட்டி வைத்ததற்குச் சமம்.

இந்த இடைவெளியை உலகம் பெரிய அளவிலும் பார்த்திருக்கிறது. லாக்ஹீட் நிறுவனம் டிரைஸ்டார் என்ற பயணிகள் விமானத்தை உருவாக்கியபோது பணமுடையில் சிக்கி, 1971-இல் அமெரிக்க அரசிடம் 25 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் கேட்டது. சுமார் 195 முதல் 205 விமானங்கள் விற்றால் போதும், திட்டம் தேறிவிடும் என்பது அதன் வாதம். பொருளாதார அறிஞர் ஊவே ரைன்ஹார்ட் 1973-இல் அந்தக் கணக்கைப் பிரித்து மேய்ந்தார். முதலீட்டுக்கான காலச் செலவை, அதாவது முடங்கிக் கிடக்கும் பணத்துக்கான வட்டியைச் சேர்த்தால் அந்த எண்ணிக்கை போதவே போதாது என்று காட்டினார். கடைசியில் 250 விமானங்கள் தயாராகின. நிறுவனம் சொன்ன எல்லையைத் தாண்டியும் திட்டம் பெரும் நட்டத்தில்தான் முடிந்தது. விமானத்துக்கு எஞ்சின் வழங்கிய நிறுவனம் திவாலானது, எரிபொருள் விலையேற்றம், போட்டி விமானம் என்று வேறு காரணங்களும் உண்டு. எல்லாப் பழியையும் கணக்கின் மேல் போடுவது நியாயமில்லை.

அப்படியானால் முதல் போட்டவரின் கணக்குதான் உயர்ந்ததா? இயந்திரத்தை வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் நாளில், ஆம். வாங்கிய பிறகு, கல்லாவில் பணம் தீராமல் தொழில் ஓடுமா என்பதே கேள்வி; அங்கே என் ஓட்டு கல்லாக்காரருக்கே. அவருடைய 10,000 சொந்தப் பணத்தில் வாங்கியவருக்குத்தான் பொருந்தும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. அதே இயந்திரத்தை 12 சதவீத வட்டியில், மூன்று ஆண்டுக் கடனில் வாங்கியிருந்தால் ஆண்டுத் தவணை 4,16,349. கல்லாக்காரர் பார்க்கும் பணச் சமநிலை ஒரே தாவலில் 20,409-க்குப் போய்விடும். மிகக் குறைவாகத் தெரிந்த எண் மூன்றிலும் பெரியதாகிவிடுகிறது.

இப்போது முதல் ஆண்டில் 19,000 அலகுகள் விற்றன என்று வைத்துக்கொள்வோம். பங்களிப்பு 7,60,000. வாடகை, சம்பளம் 4,00,000, தேய்மானம் 2,00,000, வட்டி 1,20,000 போக, புத்தகத்தில் 40,000 லாபம். கல்லாவிலோ தவணை கட்டியபின் 56,349 பற்றாக்குறை. லாபம் காட்டும் தொழில் சம்பள நாளன்று கைமாற்று தேடுவது இப்படித்தான். வங்கி திருப்பிக் கேட்கும் அசல், லாப நட்டக் கணக்கில் எங்கும் வராது.

கடனின் காலத்தை இயந்திரத்தின் ஆயுளுக்கு இணையாக, ஐந்து ஆண்டுகளாக வாங்கினால் தவணை 2,77,410-ஆக இறங்கும். பணச் சமநிலை 16,936 ஆகி, முதல் போட்டவரின் விடையோடு அப்படியே பொருந்திவிடும். அதனால்தான் கடன் பேசும்போது வட்டியில் அரை சதவீதம் குறைக்க மல்லுக்கட்டுவதைவிட, தவணைக் காலத்தை நீட்டக் கேட்பது பல நேரங்களில் கெட்டிக்காரத்தனம். மொத்த வட்டி கூடும் என்பது உண்மை. ஆனால் நடுவழியில் மூச்சு முட்டாது.

கணக்கரின் 15,000-ஐத் தூக்கி எறிய வேண்டியதில்லை. வரிக்கும் ஆண்டறிக்கைக்கும் அதன் அடிப்படைதான் வேண்டும், விலை நிர்ணயத்துக்கு விரைவான அளவுகோலாகவும் உதவும். விற்பனையைக் கூட்ட விலையில் 10 சதவீதம் தள்ளுபடி தரலாம் என்று யாராவது சொன்னால், பங்களிப்பு 40-லிருந்து 30-க்குச் சரியும்; 15,000 உடனே 20,000 ஆகும். தள்ளுபடி 10 சதவீதம், கூடுதலாக விற்க வேண்டியதோ மூன்றில் ஒரு பங்கு. மற்ற இரண்டு கணக்குகளிலும் ஏற்றம் இதே விகிதம்தான், ஆகவே தள்ளுபடிப் பேச்சு வரும்போது எந்தக் கணக்கை எடுப்பது என்று மூவரும் சண்டை போடத் தேவையில்லை.