ஊசியில் கரண்ட் வைக்கும் அக்குபஞ்சர்: தொடர்ந்து எடுத்தால் என்ன கிடைக்கும்?

கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் ‘அக்குபஞ்சர்’ என்று பலகை இருந்தால், சில இடங்களில் நாடி பார்த்து ஒரு புள்ளியை விரலால் தொட்டு அனுப்பிவிடுவார்கள். வேறு சில இடங்களில் ஊசி குத்தி, அதில் கிளிப் மாட்டி மின்துடிப்பு செலுத்துவார்கள். இந்த இரண்டாவதுதான் எலக்ட்ரோ அக்குபஞ்சர். தறிக்கூடத்தில் நின்றே முட்டி வலி வந்தவர்களுக்கும், பனியன் கம்பெனியில் குனிந்து தைத்துக் கழுத்து பிடித்தவர்களுக்கும் கேட்டுப் பார்க்கத் தகுந்த சிகிச்சை.

ஊசி சுமார் 0.25 மி.மீ. தடிமன்தான். உறையை உங்கள் கண்முன்னே பிரிக்க வேண்டும்; பயன்படுத்திய ஊசி மறுபடி வேண்டாம். பிடி உலோகமாக இல்லாவிட்டால் கிளிப் மாட்டியும் கரண்ட் ஏறாது.

கரண்ட் எப்போதும் ஒரு ஊசியிலிருந்து ஜோடி ஊசிக்கு ஓடும். முட்டிக்கு என்றால் இரண்டும் அதே காலில், மூட்டைச் சுற்றி. இடுப்புக்கு என்றால் முதுகெலும்பின் ஒரே பக்கத்தில் மேலும் கீழும். ஒன்று இடக்கையில், மற்றொன்று வலக்கையில் என்று மாட்டவே கூடாது. பாதை இதயத்தின் குறுக்கே போகும். கிளிப் மாட்டும்போதும் கழற்றும்போதும் மெஷினில் கரண்டைக் கூட்டிக் குறைக்கும் திருகுகள் பூஜ்யத்தில் இருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள். ஒரே திசையில் மட்டும் கரண்ட் தரும் தரமற்ற மெஷினில் ஊசி அரித்துப்போகும், தோலும் புண்ணாகும்.

2 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு இரண்டு மின்துடிப்பில், தசை தட்டித்தட்டித் துடிக்கும். 100 ஹெர்ட்ஸில் தொடர்ந்து விறுவிறுக்கும். சீன ஆய்வாளர் ஹான் ஜிஷெங் குழு காட்டியபடி, குறைந்த அதிர்வெண்ணில் என்கெஃபலின், எண்டார்பின் ஆகியவையும், உயர்ந்ததில் டைனார்பினும் உடலிலேயே சுரக்கின்றன; இவை மூன்றும் உடல் தானே உண்டாக்கும் வலிநிவாரணிகள். அதனால்தான் பல மெஷின்களில் இரண்டையும் மாற்றிமாற்றித் தரும் முறை இருக்கிறது.

“கரண்ட் கூட வெச்சா சீக்கிரம் செரியாயிருங்களா?” என்று கேட்பவர்கள் நிறைய. ஆகாது. தசை துடிப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும், வலிக்கக் கூடாது; அதுதான் அளவு. மீறினால் தசை இறுகி ஊசி வளையும், மறுநாள் அடித்துப் போட்டதுபோல் வலிக்கும். பத்து நிமிடத்தில் உடல் பழகி உணர்வு மங்கும். அப்போது சிறிது கூட்டச் சொல்லலாம். சுள்ளென்று எரிந்தாலோ குத்தினாலோ பொறுத்துக்கொள்ளாமல் உடனே சொல்லுங்கள். காலை அசைக்காதீர்கள்.

ஒரு சிட்டிங் 20 முதல் 30 நிமிடம். வாரம் இரண்டு முறை என்பது வழக்கமான வேகம். தொடக்கத்தில் நிம்மதி சில மணி நேரம்தான் நிற்கும். பலன் தரும் உடம்பில் அது மெல்ல நாள்கணக்காக நீளும். எத்தனை படி ஏற முடிந்தது, எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்று எழுதி வையுங்கள். எட்டு சிட்டிங்கிலும் அந்தக் குறிப்பு மாறவில்லை என்றால் மேற்கொண்டு பணம் கட்ட வேண்டாம். தேய்ந்த குருத்தெலும்பு இதனால் வளராது.

வெறும் வயிற்றில் போனால் மயக்கம் வரலாம். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு இது ஆகாது. கர்ப்பிணிகளும் வலிப்பு நோய் உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் போகக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் முதலிலேயே சொல்ல வேண்டும். சர்க்கரையால் பாதம் மரத்தவர்களுக்குக் கரண்டின் அளவே தெரியாது. அங்கே இன்னும் குறைவாக வைக்க வேண்டும். சர்க்கரை, பிரஷர் மாத்திரையை நிறுத்தச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

தோள், மேல்முதுகில் குத்திய பின் மூச்சு வாங்கினாலோ நெஞ்சு குத்தினாலோ நுரையீரலில் பட்டிருக்கலாம். சில மணி நேரம் கழித்தும் தெரியும்; நேரே அவசர சிகிச்சைக்குப் போங்கள். இடுப்பு வலியோடு கால் பலமிழந்தாலோ சிறுநீர் நின்றாலோ ஊசிக்கு நாள் குறிக்காமல் முதலில் மருத்துவமனை.