நேந்திரனை எப்படிப் பொரிக்கலாம்: பழம்பொரியா, கெலெவெலேயா, தொஸ்தோனெஸா?

ஆடிக் காத்துக்குத் தோட்டத்தில் நாலு நேந்திரன் மரம் சாய்ந்துவிட்டது. நின்றிருந்தால் ஓணத்துக்குக் கேரளா லாரியில் ஏறியிருக்கும். விழுந்த தாருக்கு வியாபாரி சொன்ன விலையைக் கேட்டு, பேசாமல் வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டோம். காயாக இருந்ததிலிருந்து தோல் கறுக்கிற வரைக்கும் நாளுக்கு ஒரு ஊர்ப் பலகாரமாகப் பொரித்துத் தள்ளினேன்.

பஜ்ஜியை விட்டுவிடலாம். அதற்கு மொந்தன் காய்தான். நேந்திரங்காய் வாயில் வறட்டென்று இருக்கிறது.

பழம்பொரிக்கு அறிமுகம் வேண்டாம். வாளையாறு தாண்டிக் கேரளாவுக்குள் போனால் டீக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியிருப்பார்களே, அதேதான். தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த பழம், மைதா, கொஞ்சம் அரிசி மாவு, மஞ்சள்தூள். ருசிக்கு மட்டும் மார்க் போட்டால் இதுவே முதலிடம். குழந்தைகளின் ஓட்டும் இதற்குத்தான்.

கானா நாட்டுக் கெலெவெலேவுக்கு மாவே வேண்டாம். நன்றாகப் பழுத்ததைத் துண்டு போட்டு, இஞ்சி, மிளகாய், உப்பு பிசிறிப் பொரித்து, வறுத்த நிலக்கடலையோடு தின்பது. இனிப்பும் காரமும் சேர்ந்து நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும். இந்தோனேசியாவின் பிசாங் கோரெங்கை ஒரே ஒரு தடவை, அதுவும் கதலியில் செய்தேன், குழைந்துபோனது. அங்கே அதற்கென்று கேப்போக் என்ற சமையல் வாழை வைத்திருக்கிறார்கள். என் கைப்பக்குவத்தை வைத்து அதற்குத் தீர்ப்பு சொல்வது நியாயமில்லை.

நான் கடைசியில் வந்து நின்றது தொஸ்தோனெஸில். கரீபியன் கடலில் இருக்கிற போர்ட்டோ ரிக்கோ, டொமினிக்கன் குடியரசுப் பக்கத்துப் பண்டம்; கொலம்பியாவில் பட்டக்கோனெஸ் என்பார்கள். பச்சைக் காய்தான் வேண்டும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு தோலைக் கீறி எடுங்கள், இல்லாவிட்டால் கறை ரெண்டு நாளைக்குப் போகாது. ஒரு அங்குலக் கனத்துக்கு வெட்டி, மிதமான சூட்டில் இளமஞ்சளாகும் வரை பொரிக்க வேண்டும். எடுத்து, ரெண்டு வாழையிலைத் துண்டுக்கு நடுவில் வைத்து டம்ளர் அடியால் ஒரே அமுக்கு. பிறகு அடுப்பைக் கூட்டி மறுபடி எண்ணெயில் போடுங்கள். முதல் தடவையில் உள்ளே வேகிறது. ரெண்டாவதில் நசுங்கி விரிந்த பரப்பெல்லாம் மொறுமொறுப்பாகிறது. நடுவில் பூண்டு தட்டிப் போட்ட உப்புத் தண்ணீரில் முக்கியெடுக்கிற வழக்கமும் அங்கே உண்டு. நானும் முக்கினேன். ஈரம் சரியாகத் துடைக்காததால் எண்ணெய் வெடித்துக் கையில் தெறித்தது. இப்போதெல்லாம் உப்பை மேலே தூவுவதோடு சரி.

இதன் பக்கம் நான் சாய்ந்ததற்குக் காரணம் ருசி அல்ல, வாணலியில் மிஞ்சுகிற எண்ணெய். எங்கள் வீட்டில் செக்குக் கடலெண்ணெய். அது விற்கிற விலைக்கு ஒருமுறை பொரித்துவிட்டுக் கொட்ட மனசு வருமா? பழம்பொரி போட்டால் மாவு உதிர்ந்து அடியில் தங்கும், அடுத்த சூட்டில் கருகும். கெலெவெலே அதைவிட மோசம்: பழத்தின் சர்க்கரை கசிந்து தீய்ந்து, எண்ணெய் டீ டிகாக்‌ஷனாட்ட ஆகிவிடுகிறது. பச்சைக் காயிலோ உதிர மாவில்லை, தீய சர்க்கரையும் அவ்வளவாக இல்லை. துணியில் வடிகட்டி வைத்து, மறுநாள் கொள்ளுப்பருப்புக்கு அதிலேயே தாளித்தேன். வேறு வாசமே ஏறவில்லை. காய் எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது என்று அளந்து பார்க்கவில்லை. ரெண்டு தடவை பொரிப்பதால் கேஸ் கூடுதலாகச் செலவாவது நிச்சயம்.

ஒரு குறை உண்டு. ஆறினால் விறைத்துவிடும். முதல் நாள் அத்தை வர அரைமணி நேரம் தாமதம். ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "ஏன் அம்மிணி, இதைத் திங்கப் பல்லு வேணுமாட்ட இருக்குது. பழம்பொரி இருந்தாக் குடு" என்றார். இப்போது முதல் பொரிப்போடு நசுக்கி ஃப்ரீசரில் வைத்துவிடுகிறேன். அவர் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்ட பிறகுதான் ரெண்டாவது பொரிப்பு.